நாய்க்குத் தோலில் கட்டியா? கடலூரில் நாங்கள் போன கிளினிக் பற்றி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கிளினிக்கின் பெயரைப் போடப்போவதில்லை. ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், சாயங்காலம் ஆனால் தெருவரைக்கும் கூட்டம், இதில் நானும் ஆள் சேர்த்துவிட்டால் அடுத்த தடவை எனக்கே இடம் கிடைக்காது. மஞ்சக்குப்பம் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கடலூரில் நாய் வளர்ப்பவர்களுக்கு இதுவே போதும்.

போனது எங்கள் ஜூலிக்காக. லேப்ரடார், எட்டு வயது தாண்டிவிட்டது. முதுகில் புளியங்கொட்டை அளவுக்குக் கெட்டியாக ஒரு கட்டி, விலாவில் தோலுக்கு அடியில் விரலுக்குப் பிடிபடாமல் நழுவுகிற மெத்தென்ற இன்னொரு கட்டி. முதுகில் இருந்ததை உண்ணி என்று நினைத்து என் மாமியார் பிடுங்கப் போக, ஜூலி உறுமிய உறுமலில்தான் அது உண்ணி இல்லை என்றே வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது.

இங்கே வருவதற்கு முன் வேறொரு இடத்தில் காட்டினோம். எந்த இடம் என்பது வேண்டாம். முதுகுக் கட்டியைக் கையால் தடவிப் பார்த்து "இது ஒண்ணும் இல்லை" என்று சொல்லி, அப்படியே இரண்டு விரலால் பிதுக்கிவிட்டார்கள். சாம்பலும் வெள்ளையுமாகப் பற்பசை மாதிரி ஏதோ வந்தது, நாற்றம் குடலைப் புரட்டியது. கட்டியும் அமுங்கிவிட்டது, சரி முடிந்தது என்று வீட்டுக்கு வந்தோம். சில நாளில் அந்த இடம் சிவந்து, முன்பைவிடப் பெரிதாக வீங்கி, சீழும் ரத்தமுமாகக் கசிய ஆரம்பித்தது, ஜூலி வேறு திரும்பித் திரும்பி அதை நக்கிக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகுதான் இந்த டாக்டரிடம் வந்தோம்.

இவர் கத்தியையும் எடுக்கவில்லை, பிதுக்கவும் இல்லை. உடம்பு முழுக்க, காது மடல், அக்குள், விரல் இடுக்கு, மடி என்று ஓரிடம் விடாமல் தடவிப் பார்த்தார். ஒரு தாளில் நாயின் உருவத்தைக் கிறுக்கி எங்கே எந்த அளவில் கட்டி இருக்கிறது என்று குறித்துக்கொண்டார். அப்புறம்தான் முதுகுக் கட்டி பற்றி விளக்கம். முடி முளைக்கும் துளை அடைபட்டு அதன் அடியில் ஒரு பை உருவாகிறது, அந்தப் பையின் உள்சுவர் கெரட்டினை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது (நம் நகத்திலும் முடியிலும் இருக்கிற அதே புரதம்தான்), வெளியே போக வழியில்லாமல் அது உள்ளேயே சேர்ந்து கட்டியாகிறது. பிதுக்கினால் பாதி வெளியே வரும், மீதி பையைக் கிழித்துக்கொண்டு தோலுக்கு உள்ளேயே சிதறும். சிதறியதை உடம்பு வேற்றுப் பொருளாக நினைத்துச் சண்டைக்குப் போகிறது, அதுதான் அந்தச் சிவப்பும் வீக்கமும், அதோடு கிருமியும் சேர்ந்துகொண்டால் சீழ். "பை உள்ள இருக்கிற வரைக்கும் அது திரும்பத் திரும்ப நிரம்பத்தான்மா செய்யும். இனிமே யார் சொன்னாலும் பிதுக்க விடாதீங்க" என்றார்.

இந்த கிளினிக்குக்கு நான் மதிப்பெண் போடுவது அடுத்து நடந்ததற்குத்தான். சாதாரண சிரிஞ்சையும் மெல்லிய ஊசியையும் எடுத்து இரண்டு கட்டியிலும் குத்தி, உள்ளே இருப்பதைக் கொஞ்சம் உறிஞ்சி, கண்ணாடிச் சில்லில் தடவி, சாயம் போட்டு, பக்கத்து அறையில் இருந்த மைக்ராஸ்கோப்பில் அவரே பார்த்தார். மயக்க மருந்து கிடையாது, கம்பவுண்டர் அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டு ஒரு பிஸ்கட்டைக் காட்டினார், அவ்வளவுதான். விலாவில் இருந்தது வெறும் கொழுப்புத் திரட்சி, நடக்க இடைஞ்சல் இல்லாதவரை, வேகமாக வளராதவரை அதைத் தொட வேண்டாம் என்றார். வெட்டினால் அவருக்குத்தான் காசு, வேண்டாம் என்று அவரே சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

வெறும் கட்டிக்கு எதற்கு இவ்வளவு சோதனை என்று என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார், அது டாக்டர் காதில் விழுந்துவிட்டது. மாஸ்ட் செல் கட்டி என்று ஒன்று நாய்களுக்கு வருமாம், அது ஒரு வகைப் புற்றுநோய், ஆனால் பார்ப்பதற்குச் சாதாரணக் கொழுப்புக் கட்டி மாதிரியும் இருக்கும், மரு மாதிரியும் இருக்கும், பூச்சிக்கடி மாதிரியும் இருக்கும். ஒரு நாள் பெரிதாகும், மறுநாள் சுருங்கும், அழுத்தினால் உள்ளே இருக்கிற ஹிஸ்டமின் வெளிப்பட்டுச் சுற்றிலும் சிவந்து தடிக்கும். அதை வெட்டுவதாக இருந்தால் சுற்றிலும் நல்ல தசையையும் சேர்த்து அகலமாக எடுக்க வேண்டும், சாதாரணக் கட்டி என்று நினைத்து ஒட்ட வெட்டினால் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும். கண்ணால் பார்த்து, கையால் தடவி அது இது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது என்றார். அதற்கு மேல் என் வீட்டுக்காரர் பேசவில்லை.

முதுகுக் கட்டி புண்ணாகிவிட்டதால் முதலில் அதை ஆற்றினார்கள். ஆன்டிபயாடிக் மாத்திரை, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த திரவத்தால் துடைப்பது, ஈ மொய்க்காமல் இருக்க ஒரு ஸ்பிரே. நம் ஊர் புழுக்கத்தில் திறந்த புண்ணை விட்டுவைத்தால் புழு வைக்க நேரமாகாது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போடலாமா என்று மாமியார் கேட்டதற்கு, சுண்ணாம்பு தோலைப் பொசுக்கிவிடும், நாய் நக்கினால் வாயும் வெந்துவிடும் என்று பொறுமையாகவே சொன்னார். வீட்டில் கிடக்கிற ஐபுபுரூஃபன் மாத்திரையும் கூடவே கூடாது, நாய்க்கு வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். இதைத் தெரியாமல் பாவம் வலிக்கிறதே என்று கொடுப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அறுவைக்கு நாள் குறிப்பதற்கு முன் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். அதில் பிளேட்லெட் குறைவு, காரணம் உண்ணிக் காய்ச்சல். நன்றாகச் சாப்பிட்டு வாலை ஆட்டிக்கொண்டிருந்த நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் என்றால் நம்பவே முடியவில்லை. கடலூர், பாண்டி பக்கம் வருஷம் முழுக்க உண்ணித் தொல்லை இருக்கிறது, உண்ணி பரப்புகிற எர்லிக்கியா கிருமி வெளியே தெரியாமல் உள்ளேயே தங்கி பிளேட்லெட்டைக் குறைத்துக்கொண்டிருக்கும், அந்த நிலையில் கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது. அதற்கு நான்கு வாரம் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி. அறுவை தள்ளிப்போனது எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் இந்தச் சோதனையைச் செய்யாமலே கத்தி வைப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எரிச்சல் போய்விடுகிறது.

அறுவை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முந்தின இரவிலிருந்து சாப்பாடு இல்லை, மயக்க ஊசி, அந்த இடத்தில் மரத்துப்போக இன்னொரு ஊசி. பையை அதன் துளை வாயோடு சேர்த்து முழுதாக எடுத்து என்னிடம் காட்டினார். அதை ஃபார்மலின் பாட்டிலில் போட்டு சென்னையில் உள்ள லேபுக்கு அனுப்பினார்கள், முடிவு வாட்ஸ்அப்பில் வந்தது, பயப்பட ஒன்றும் இல்லை. சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டோம், தையல் இரண்டு வாரத்தில் பிரித்தார்கள்.

இப்போது குறைகள். கழுத்தில் மாட்டுகிற பிளாஸ்டிக் கூம்பை அங்கேயே வாங்கினேன், மகா மட்டம். ஓரம் கூராக இருந்து கழுத்தை அறுத்தது, அளவும் சின்னது, ஜூலி அதோடு கதவிலும் தண்ணீர்த் தொட்டியிலும் முட்டி ஒரே நாளில் உடைத்துவிட்டாள். பெட் கடையில் ஓரத்துக்குத் துணி தைத்தது இதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. கூம்பு இல்லாவிட்டாலும் பழைய பருத்தி டீ ஷர்ட் ஒன்றை மாட்டி, வால் பக்கம் முடிச்சுப் போட்டுவிட்டால் முதுகுத் தையலுக்கு அதுவே போதும், மழைக்காலத்தில் மட்டும் ஈரமாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காத்திருக்கிற இடத்தில் நாயும் பூனையும் ஒன்றாகத்தான் உட்கார வேண்டும், ஒரு பூனை கூடையோடு துள்ளிக் கீழே விழுந்ததை நானே பார்த்தேன். டோக்கன் கிடையாது. போனை எடுக்கவே மாட்டார்கள். பில் என்று தருவது ஒரு துண்டுச் சீட்டு, அதில் மொத்தத் தொகை மட்டும் இருக்கும், எதற்கு எவ்வளவு என்று கேட்டால் வாயால் சொல்வார்கள். ஊசிச் சோதனைக்கு 500 ரூபாய்க்குள்தான் ஆனது. அறுவை, மருந்து, சென்னை லேப் எல்லாம் சேர்த்து 7,000 ரூபாயைத் தொட்டது.

எக்ஸ்ரே, ஸ்கேன் இங்கே இல்லை. கட்டி ஆழமாக இருந்தாலோ மடியில் இருந்தாலோ புதுச்சேரி குருமாம்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகச் சொல்லி அவரே சீட்டு எழுதித் தருகிறார், நேராக அங்கே போவதாக இருந்தாலும் பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு போங்கள்.

கட்டி பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் சாயங்காலம் வேண்டாம், காலையில் போங்கள். வெளிச்சமும் இருக்கும், அவருக்கு மைக்ராஸ்கோப்பில் உட்கார நேரமும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கிடையாது.