திருமலை உப்புக் காற்றில் சீகேட் எக்ஸ்பான்ஷன் 2 டிபி

கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று திருகோணமலையில் படமெடுப்பது என் தொழில். லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ ஒருவர் அழைத்து, "தம்பி, அம்மான்ர கடைசிப் படம் உங்களிட்ட இருக்குமோ?" என்று கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதற்காக நான் நம்பியிருப்பது சீகேட் எக்ஸ்பான்ஷன் 2 டிபி ஹார்ட் டிஸ்க். ஒரே மாதிரி இரண்டு வைத்திருக்கிறேன்.

தனி அடாப்டர் தேவையில்லை, மடிக்கணினியில் செருகினால் போதும். கொள்ளளவு 2 டிபி (டெராபைட்) என்றில்லாமல் 1.81 என்று காட்டும். பயப்பட வேண்டாம், கம்பனி ஆயிரத்தால் கணக்கிடுகிறது, விண்டோஸ் 1024ஆல் கணக்கிடுகிறது. நிறைய வீடியோவை ஒரேயடியாக ஏற்றினால் போகப் போக வேகம் குறையும். அதிலிருந்தே எடிட் செய்ய உதவாது. இரவில் கொப்பி போட்டுவிட்டுப் படுக்கிறவருக்கு அது குறையே இல்லை.

நான் இதை விரும்பக் காரணம் உள்ளமைப்பு. உள்ளே மடிக்கணினிகளில் வரும் சாதாரண இரண்டரை அங்குல சாட்டா (SATA) இணைப்புள்ள டிஸ்க், அதோடு யூஎஸ்பிக்குத் தனியாக ஒரு சின்னப் பலகை. முனை பழுதானால் பலகையை மாற்றிப் பார்க்கலாம். வேறு சிலவற்றில் யூஎஸ்பி முனை டிஸ்க்கின் பலகையிலேயே பற்றவைத்திருக்கும். அது போனால் பெரிய வேலை. கடல் சூழ்ந்த நம் ஊரில் முனைகள்தான் முதலில் கறுக்கின்றன. மாரி மழைக்காலத்தில் ரப்பர் விளிம்புள்ள டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன். தட்டையான அந்த வயர் முனைதான் இதன் பலவீனம். வயரை இழுக்காமல் தலையைப் பிடித்து நேராகக் கழற்றுங்கள்.

டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைகள் என்டிஎஃப்எஸ் (NTFS), எக்ஸ்ஃபேட் (exFAT) என்று உண்டு. விண்டோஸ் மட்டும் பாவிப்பவர்கள் என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மட் செய்வது நல்லது. பாதியில் கரண்ட் போனால் எக்ஸ்ஃபேட்டை விட அது தாங்கும்.

பென் ட்ரைவ் வாடிக்கையாளருக்குப் படம் கொடுக்கச் சரி, சேமித்து வைக்க வேண்டாம். அதில் தரவு மின்னேற்றமாகத்தான் நிற்கிறது. வருடக்கணக்கில் அலுமாரியில் கிடந்தால், அதுவும் நம் வெக்கையில், மெல்லக் கசியும். மலிவு விலைக்கு வரும் "2 டிபி" பென் ட்ரைவ் அனேகமாகப் போலி. கோப்பின் பெயர் தெரியும், திறந்தால் ஒன்றும் இராது. எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருள் முழுவதையும் எழுதி, திரும்ப வாசித்து உண்மையைச் சொல்லிவிடும். வெயில் படும் இடத்தில் வைத்த டிவிடியையும் நம்பாதீர்கள், அதன் சாயம் மங்கிவிடும்.

இரண்டாவது டிஸ்க்கை கடலிலிருந்து தள்ளி உள்ளே இருக்கிற கந்தளாயில் அக்கா வீட்டில் வைத்திருக்கிறேன். 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த சுனாமி அலை நம் கரையோர வீடுகளின் அல்பங்களையும் அள்ளிக்கொண்டு போனது. ஆட்களைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு அவர்களின் முகம் பார்க்க ஒரு படம்கூட மிஞ்சவில்லை. எத்தனை நல்ல டிஸ்க் வாங்கினாலும் இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைக்காதீர்கள்.

வாங்கும்போது பெட்டியின் சீலைப் பாருங்கள். முடிந்தால் கடையிலேயே கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ (CrystalDiskInfo) என்ற மென்பொருளில் டிஸ்க் ஓடிய மணிநேரத்தைப் பாருங்கள். புதியதென்றால் பூச்சியத்தை ஒட்டியே இருக்கும். நூற்றுக்கணக்கில் காட்டினால் காசைக் கொடுக்காமல் திரும்பி வாருங்கள்.