லைன் 6 டிஎல்4: பச்சைப் பெட்டியும் அதன் 14 விநாடியும்

லைன் 6 நிறுவனம் 1999-இல் இறக்கிய டிஎல்4 டிலே மாடலர் (கிட்டார் ஒலியை எதிரொலிக்க வைக்கும் கால்பெடல்) இருந்த இடத்தில், 2022-இல் வந்த மார்க் 2 இப்போது விற்கிறது. ஆனாலும் பழைய பச்சைப் பெட்டி கைமாறிக்கொண்டேதான் இருக்கிறது. அதற்குக் காரணம் டிலே இல்லை. டேப், அனலாக், ரிவர்ஸ் என்று அதிலுள்ள 15 வகை டிலேயில் பெரும்பாலானவற்றை இன்று உள்ளங்கை அகலப் பெடல்களே கொடுத்துவிடும். மாடல் நாபின் (திருகின்) 16-ஆவது இடத்தில் இருக்கும் லூப் சாம்ப்ளர்தான் விஷயம். வாசிக்கும் துண்டை 14 விநாடிவரை பதிந்து, திரும்பத் திரும்ப ஓட்டும் லூப்பர் அது. பில் ஃப்ரிசெல் ஜாஸ் கிட்டாரிலும் ஆண்ட்ரூ பேர்ட் வயலினிலும் இந்தப் பெட்டியை வாத்தியத்தின் ஒரு பகுதியாகவே ஆக்கிக்கொண்டவர்கள்.

எனவே தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பாட்டு முழுக்கப் பின்னணியில் கார்டு ஓட வேண்டும், அதன் மேல் சோலோ வாசிக்க வேண்டும் என்பவர்களுக்கு இது தண்டச் செலவு. சின்னத் துண்டு ஒன்றைப் பிடித்து, கவிழ்த்து, பாதி வேகத்துக்கு இறக்கி, திக்க வைத்து விளையாடுகிறவர்களுக்கு இதைப்போல் காலுக்குப் படியும் பெடல் குறைவு.

மின்சாரம்: முதல் கண்டம்

மற்றப் பெடல்கள் எல்லாம் 9 வோல்ட் டிசி. டிஎல்4 கேட்பது 9 வோல்ட் ஏசி. அதற்கென்று லைன் 6 விற்ற பிஎக்ஸ்-2 அடாப்டர் 2000 மில்லிஆம்பியர் தரக்கூடியது. '9 வோல்ட்' என்ற எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு டெய்சி செயினில் (பல பெடல்களுக்குப் பிரியும் ஒரே ஒயரில்) ஒரு முனையை எடுத்துச் செருகுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. பெடல்போர்டு பவர் சப்ளையில் இருக்கும் 100 மில்லிஆம்பியர் முனை இதன் பசிக்குக் காணாது. மறுபக்கத் தவறு இன்னும் மோசம். ஏசி அடாப்டரை டிசி பெடல் எதிலாவது தவறிச் செருகினால் அந்தப் பெடலின் கதை முடியலாம். அடாப்டர் முனையில் வண்ண டேப் சுற்றி வையுங்கள். மேடை இருட்டில் அது ஒன்றுதான் காப்பாற்றும்.

வெளிநாட்டிலிருந்து பழைய பெட்டி வரவழைப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பெட்டியோடு வரும் அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது. உள்ளே இருப்பது கனமான டிரான்ஸ்ஃபார்மர். லேப்டாப் சார்ஜர் மாதிரி 100 முதல் 240 வரை எதுவானாலும் சமாளிக்கும் ரகம் அல்ல. நம் ஊர் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கருகும். 230 உள்ளே, 9 வோல்ட் ஏசி வெளியே என்று தெளிவாக அச்சிட்ட அடாப்டர்தான் வேண்டும். அதன் முனையின் விட்டமும் பெட்டியின் துளைக்குச் சரியாக இருக்கிறதா என்று போட்டுப் பாருங்கள்.

நான்கு சி அளவு பேட்டரியிலும் ஓடும். பென் டார்ச்சில் போடும் மெல்லிசு இல்லை, அதைவிடத் தடித்தது. இடது இன்புட்டில் கேபிள் செருகினால்தான் பெட்டி உயிர் பெறும், தனியாக ஆன் ஸ்விட்ச் கிடையாது. வாசித்து முடித்ததும் கேபிளை உருவாமல் படுத்தால் காலையில் நான்கு செல்லும் காலி.

வரிசையில் எங்கே

பெடல்களின் வரிசை இது: வா-வா, கம்ப்ரஸர், ஓவர்டிரைவ், அதற்குப் பிறகு டிஎல்4, கடைசியில் ரிவர்ப். டிலேவுக்கு மட்டும் என்றால் காரணம் எளிது. எதிரொலிகளுக்குப் பின்னால் டிஸ்டார்ஷன் வந்தால் அவை ஒன்றோடொன்று குழைந்து கூழாகிவிடும். லூப்பருக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. டிஎல்4-க்கு முன்னால் இருக்கும் பெடலின் ஒலி லூப்பில் உறைந்துபோகும். பின்னால் இருப்பது லூப் மொத்தத்தின் மேலும் விழும். ஓவர்டிரைவ் முன்னால் இருந்தால் ஒரு அடுக்கைச் சுத்தமாகவும் அடுத்ததைக் கரகரப்பாகவும் பதியலாம். பின்னால் வைத்துவிட்டால் அந்தச் சுதந்திரம் போயிற்று.

ஆம்பிலேயே டிஸ்டார்ஷன் வைத்திருப்பவர்கள் பெடலை ஆம்பின் எஃபெக்ட்ஸ் லூப்பில் (இது பதிவு லூப் அல்ல, ஆம்பில் பெடல்களுக்கென்று உள்ள வழி), சென்டுக்கும் ரிட்டர்னுக்கும் நடுவே போட வேண்டும். முன்னால் போட்டால் அடுக்கு கூடக் கூட ஆம்ப் இன்னும் அழுந்தும், நான்காவது அடுக்கில் எந்தச் சுரமும் பிரிந்து கேட்காது. எஃபெக்ட்ஸ் லூப்பில் அளவு மாற்றும் ஸ்விட்ச் இருந்தால் பெடல்களுக்கான குறைந்த மட்டத்தில், அதாவது கழித்தல் 10-இல், வையுங்கள். டிஜிட்டல் இன்புட் நிரம்பி வழிந்தால் வரும் வெடிப்பு டியூப் கரகரப்பு மாதிரி இனிமையாக இருக்காது.

ஆம்ப் ஒன்றுதான் என்றால் இடது அவுட்புட் போதும். பிங் பாங்கும் ஸ்டீரியோ டிலேயும் இரண்டு ஆம்ப் இருந்தால்தான் அர்த்தப்படும்.

டிலே பக்கம், சுருக்கமாக

நாப்கள் ஆறு: மாடல், டிலே டைம், ரிப்பீட்ஸ், ட்வீக், ட்வீஸ், மிக்ஸ். ட்வீக், ட்வீஸ் இரண்டின் வேலை மாடலுக்கு மாடல் மாறும். புதிதாக வாங்கியவர்கள் குழம்புவது இங்கேதான். டேப் எக்கோவில் அவை பாஸ், ட்ரெபிள். டியூப் எக்கோவில் டேப் தள்ளாட்டமும் டிரைவும். அனலாக் வித் மாடில் அலையின் வேகமும் ஆழமும். டியூப் எக்கோவை மேஸ்ட்ரோவின் ஈபி-1 எக்கோபிளெக்ஸையும், அனலாக் எக்கோவைப் பாஸ் நிறுவனத்தின் டிஎம்-2-வையும் பார்த்துச் செய்தார்கள். இந்த இரண்டும் இன்றும் காதுக்கு உறுத்தாதவை. லோ ரெஸ் டிலேயில் பிட் எண்ணிக்கையைக் குறைக்கக் குறைக்க எதிரொலி பழைய வீடியோ கேம் மாதிரி நொறுங்கும். வேறு எங்கும் எளிதில் கிடைக்காத சத்தம் அது. ஸ்வீப் எக்கோ பத்து நிமிடத்தில் அலுத்துவிடும்.

தாளத்துக்கு டிலே வைக்கும் கணக்கு: 60,000-ஐ பிபிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற எண்ணால்) வகுத்தால் ஓர் அடிக்கான மில்லிவிநாடி. 120 பிபிஎம் என்றால் 500. அதில் முக்கால் பங்கான 375-தான் பலரும் தேடும் டாட்டட் எய்ட்த். இந்தப் பெட்டியில் எண் காட்டும் திரை இல்லை, ஆகவே டாப் டெம்போவைக் காலால் தட்டிப் பிடிப்பதே வழி. சரியாக வந்ததும் ஏ, பி, சி ஸ்விட்ச் மூன்றில் ஒன்றை விளக்கு சிமிட்டும்வரை அழுத்திப் பிடித்தால் அதில் சேமிப்பாகும். மூன்று நினைவிடம்தான். நான்காவது கேட்டால் கிடையாது.

லூப்பர்

மாடல் நாபை லூப் சாம்ப்ளருக்குத் திருப்பியதும் நான்கு ஸ்விட்சும் வேறு வேலைக்குப் போய்விடும். இடமிருந்து ரெக்கார்ட்/ஓவர்டப், ப்ளே/ஸ்டாப், ப்ளே ஒன்ஸ், கடைசியில் பாதி வேகம்/ரிவர்ஸ். டாப் டெம்போ இங்கே இல்லை. மற்ற 15 டிலேயும் இல்லை. லூப்புக்கு முன்னால் தனியாக ஒரு எக்கோ மட்டும் உண்டு.  அதன் எதிரொலியும் சேர்ந்துதான் லூப்பில் பதிவாகும். வெற்று லூப் வேண்டுமென்றால் அந்த எக்கோவை முழுக்க இறக்கிவிட்டுத் தொடங்குங்கள். 'பதிவு மங்கலாக இருக்கிறது' என்று வரும் புகார்களில் பல இந்த எக்கோவை மறந்ததால் வருபவை.

ஒரு லூப் பதிக்கும் முறை: முதல் அடி விழும் அதே கணத்தில் ரெக்கார்ட். துண்டு முடிந்து மறுபடி அந்த முதல் அடி வரும் கணத்தில் ப்ளே. கடைசி சுரம் அடங்கியபிறகு அழுத்தினால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நொண்டல் வரும். மெட்ரோனோம் வைத்துப் பத்து முறை பழகினால் கால் கற்றுக்கொள்ளும். ஓடும்போது ரெக்கார்டை மிதித்தால் ஓவர்டப், அதாவது பழையதன் மேல் புது அடுக்கு. நிறுத்திய நிலையில் அதையே மிதித்தால் புதுப் பதிவு தொடங்கிப் பழையது அழியும். செய்ததை நீக்கும் அன்டூ பழைய பெட்டியில் கிடையவே கிடையாது. அடுக்குகள் கூடும்போது சத்தமும் கூடும் என்பதால், முதல் அடுக்கைக் கிட்டார் வால்யூமைச் சற்றுக் குறைத்து, சுரங்களைச் சிக்கனமாக வைத்துப் பதியுங்கள். பெட்டியை அணைத்தால் லூப் போயிற்று, சேமிக்க வழியில்லை.

இப்போது அந்த 14 விநாடிக்கு வருவோம். ஒரு பாருக்கு நான்கு அடி என்று 4 பார் அடங்க வேண்டுமென்றால் வேகம் குறைந்தது 69 பிபிஎம் இருக்க வேண்டும். 8 பார் என்றால் 138. 120 பிபிஎம்மில் ஒரு பாருக்கு 2 விநாடி, எனவே 7 பாரோடு நேரம் தீர்ந்துவிடும், எட்டாவது தொங்கும். 12 பார் ப்ளூஸ் என்றால் 206 பிபிஎம்மில் ஓட வேண்டும், அதை மறந்துவிடலாம். ஆதி தாளத்தில் யோசிப்பவர்களுக்கு: நிமிடத்துக்கு 70 அட்சரம் வைத்தால் இரண்டு ஆவர்த்தனம் 13.7 விநாடியில் மட்டுமட்டாக உட்காரும். நிமிடத்துக்கு 60 அட்சரம் என்றால் ஓர் ஆவர்த்தனம்தான்.

நேரத்தை நீட்ட ஒரு குறுக்குவழி உண்டு. பாதி வேகத்தில் வைத்துப் பதிந்தால் 28 விநாடி கிடைக்கும். ஒலியின் கூர்மை குறையும், மேல் அலைவரிசை மழுங்கும். ப்ளூஸ் சுற்று அப்போது 103 பிபிஎம்மில் அடங்கிவிடுகிறது. மழுங்கிய ஒலி பின்னணிக்குப் பொருத்தமாகவே இருக்கும், முன்னணிக்கு ஆகாது.

இந்தக் கடைசி ஸ்விட்சில்தான் பெட்டியின் உயிர். ஒரு மிதி, பாதி வேகம்: லூப் இரண்டு மடங்கு நீளும், சுருதி ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) இறங்கும். கிட்டாரில் வாசித்தது பாஸ் கிட்டாராகக் கேட்கும். பாஸ் லைன் செய்ய இதுவே வழி. பெட்டி சாதாரண வேகத்தில் இருக்கும்போது 5, 6-ஆம் தந்தியில் நீங்கள் இரட்டை வேகத்தில் வாசித்துப் பதிந்து, பாதிக்கு இறக்கி, அதன் மேல் கார்டை ஓவர்டப் செய்யுங்கள். பிறகு முழு வேகத்துக்கு ஏற்றினால் அந்தக் கார்டு ஓர் ஆக்டேவ் மேலே பொம்மைப் பியானோ மாதிரி துள்ளும். இரட்டை மிதியில் ரிவர்ஸ். லூப் பின்னோக்கி ஓடும்போது ஒரு மெல்லிய மெட்டை ஓவர்டப் செய்துவிட்டு மறுபடி நேராகத் திருப்பினால், பழைய அடுக்கு நேராகவும் புதியது தலைகீழாகவும் கேட்கும். நான்கே விநாடி லூப்பில் இதைச் செய்து பாருங்கள். நீளமான லூப்பில் காது தொடர்பை இழந்துவிடும்.

ப்ளே ஒன்ஸ் சாதுவாகத் தெரியும். லூப் ஓடிக்கொண்டிருக்கையில் அதை மிதித்தால் தொடக்கத்துக்குத் தாவி ஒரே சுற்று ஓடி நிற்கும். திரும்பத் திரும்ப மிதித்தால் லூப்பின் முதல் துணுக்கு மட்டும் திக்கித் திக்கி வரும். கால் விழும் தாளமே இசையாகிவிடும். அதற்காக லூப்பின் தொடக்கத்தில் சட்டென்று எழும் சுரம் இருக்க வேண்டும். மெதுவாக எழும் சுரத்தில் திக்கல் கேட்காது.

எங்கே கெடும்

ஸ்விட்சில்தான். மேலே கனமான உலோகக் குமிழ் தெரிந்தாலும் அது கீழே பலகையில் சாலிடர் செய்த ஒரு சின்ன டாக்ட் ஸ்விட்சைத்தான் அழுத்துகிறது. விரலால் தட்டும் சின்னப் பொத்தான்களில் இருக்கிற ஜாதி. விரலுக்கான பாகத்தின் மேல் ஆண்டுக்கணக்கில் காலின் எடை. முதலில் இரட்டை மிதி பிடிக்காது, ரிவர்ஸ் கேட்டால் பாதி வேகம் வரும். பிறகு ஒற்றை மிதியே இரண்டாகப் பதிந்து லூப் தொடங்கிய கணமே நின்றுபோகும். டாக்ட் ஸ்விட்ச் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். பலகையைக் கழற்றி நான்கையும் ஒரே தடவையில் மாற்றிவிடுவது நல்லது, ஒன்று போனால் மற்றவை வரிசையில் நிற்கும். தண்டு உயரம் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். உயரம் கூடினால் ஸ்விட்ச் எப்போதும் அழுந்தியபடியே இருக்கும், குறைந்தால் எட்டாது. இனிமேல் குதிகாலால் மிதிக்காமல் முன்பாதத்தால் தொடுங்கள்.

மார்க் 2 வாங்கலாமா

பழையதின் குறைகளில் பெரும்பாலானவை அதில் இல்லை. 9 வோல்ட் டிசி, 30 டிலே, 240 விநாடி மோனோ லூப், இன்னும் வேண்டுமென்றால் மைக்ரோ எஸ்டி கார்டு, மிடி (மற்றக் கருவிகளோடு இணைக்கும் வழி), பாடுகிறவர்களுக்கு மைக் இன்புட். லூப்பரோடு எந்த டிலேயையும் சேர்த்துக்கொள்ளலாம். நான்கு ஸ்விட்ச் ஏற்பாடும் அப்படியே இருக்கிறது. மேடையில் நம்பி நிற்க வேண்டியவர்களுக்கு யோசனையே வேண்டாம், மார்க் 2. பழையது அதைவிடக் கணிசமாக மலிவாகக் கிடைத்து, சாலிடரிங் தெரிந்த கையும் இருந்தால் மட்டும் பச்சைப் பெட்டியைப் பாருங்கள்.

காசு கொடுக்கும் முன் கிட்டாரோடு போய் அடாப்டரில் 20 நிமிடம் ஓட விடுங்கள். ஒவ்வொரு ஸ்விட்சையும் இருபது முறை மெதுவாக மிதித்து விளக்கு ஒவ்வொரு முறையும் மாறுகிறதா என்று எண்ணுங்கள். ரிவர்ஸை மட்டும் இன்னும் பத்து முறை. இடது இன்புட்டில் கேபிளை அசைத்தால் பெட்டி அணைந்து எழுகிறதா பாருங்கள். மாடல் நாபை 16 இடத்திலும் நிறுத்திக் கேளுங்கள், இரண்டு இடத்துக்கு நடுவே தடுமாறினால் விலையைக் குறையுங்கள். கடைசியாக அடியிலுள்ள பேட்டரி மூடியைத் திறந்து, கம்பிச் சுருள்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.