பலவான் தீவா, ஹாங்காங்கா?

1989-இல் வந்த சர்வதேச ஒப்பந்தத்துக்குப் பிறகு, படகில் தப்பி வந்த வியட்நாமியர் எல்லோரும் தானாக அகதி ஆகிவிடவில்லை. விசாரணையில் தேற வேண்டும். தேறாதவர்கள் ஊர் திரும்ப மறுத்தால் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. அப்படி நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு எந்த இடம் மேல்?

ஹாங்காங்கில் அப்படிப்பட்டவர்களுக்குக் கம்பிவேலி முகாம். ஒயிட்ஹெட் முகாமில் குழந்தைகள் வேலிக்குள்ளேயே வளர்ந்தார்கள். சாப்பாடு கிடைத்தது, வெளியே போக முடியாது.

பிலிப்பைன்ஸின் பலவான் தீவில் நிலைமை இளக்கமானது. 1996-இல் கட்டாயமாகத் திருப்பி அனுப்பத் தொடங்கியபோது கத்தோலிக்கத் திருச்சபை குறுக்கே நின்றது. புவர்ட்டோ பிரின்சஸாவுக்கு வெளியே 'வியட்வில்' என்ற குடியிருப்பே எழுந்தது. ரொட்டி சுட்டார்கள், நூடுல்ஸ் கடை போட்டார்கள், ஊர் ஊராகச் சாமான் விற்றார்கள். ஆனால் குடியுரிமை இல்லை. முறையான வேலையோ, சொந்தப் பெயரில் சொத்தோ எட்டாக்கனி. பாஸ்போர்ட்டும் கிடையாது.

அன்றாட வாழ்க்கைக்குப் பலவான்தான் மேல், சந்தேகமே இல்லை. காகிதம் என்று பார்த்தால் கதை தலைகீழ்: 2000-இல் ஹாங்காங் அரசு மிச்சமிருந்த சுமார் 1,400 பேருக்கு அங்கேயே தங்க அனுமதி தந்தது. பலவான்காரர்களில் பலருக்கு விடிவு, 2005-இல் அமெரிக்கா கதவைத் திறந்த பிறகுதான்.