திருகோணமலையில் ஒரு கிரியேட்டினின் ரிப்போர்ட்

ஊருக்குப் போய் வந்து பத்து நாளாகிறது. நிலாவெளியும் கன்னியாக் கிணறுகளும் எப்போதும்போல, அதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மனதில் நிற்பது ஒரு லாப் ரிப்போர்ட்.

2016இல் அண்ணாவுக்கு என் இடது சிறுநீரகத்தைக் கொடுத்தேன். அதிலிருந்து லண்டனில் வருடம் ஒருமுறை கூப்பிட்டு பிரஷர், ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடித்து வெளியேற்றும் கழிவு, கூடினால் சிறுநீரகம் தளர்கிறதோ என்று பார்ப்பார்கள்), சிறுநீரில் புரதம் எல்லாம் பார்க்கிறார்கள், ஆயுள் முழுக்கப் பார்ப்பார்கள். இந்த முறை தவணை விழுந்த கிழமை நான் ஊரில் நின்றேன். சரி, இங்கேயே குத்திக் கொடுப்போம் என்று டவுனுக்குள் ஒரு தனியார் லாபுக்குப் போனேன். காலையில் ரத்தம், பின்னேரம் ரிப்போர்ட். அந்த வேகம் லண்டனில் இல்லை.

கவுண்டரில் இருந்த பையன் தாளைப் பார்த்துவிட்டு, பின்னால் பதினைந்து பேர் நிற்க, “ஐயா, உங்களுக்குக் கிட்னி வருத்தம் தொடங்கியிருக்கு, உடன டொக்டரைச் சனல் பண்ணுங்கோ” என்றான். கூட வந்த சின்னம்மா அந்த இடத்திலேயே அழத் தொடங்கிவிட்டா. அவவைக் குறை சொல்ல முடியாது. பதவியா, மதவாச்சிப் பக்கம் தொண்ணூறுகளிலிருந்து காரணம் பிடிபடாத சிறுநீரக நோயில் எத்தனை கமக்காரக் குடும்பங்கள் நொந்துபோயின என்று கேட்டுக் கேட்டே இருந்த சனம், கிட்னி என்றாலே சாவு வீடுதான் கண்ணில் வரும்.

தாளில் 1.3, பக்கத்தில் கூடுதல் என்று ஓர் ‘எச்’. போன வருடம் லண்டனில் 106. அங்கே அளப்பது மைக்ரோமோலில், இங்கே மில்லிகிராமில். கவுண்டர் ஓரத்தில் நின்றே போனில் தேடி 88.4ஆல் பெருக்கினேன், 115 வந்தது. அந்த ஒன்பதுக்கு என் வயிறு கலங்கியது.

ஒன்றைக் கொடுத்தவனுக்கு மிஞ்சிய சிறுநீரகம் கொஞ்சம் பெருத்து, முன்பு இரண்டும் செய்த வேலையில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குச் செய்யும். அதனால் எங்கள் கிரியேட்டினின் மற்றவர்களைவிடச் சற்றுக் கூடத்தான் நிற்கும். அச்சடித்த எல்லையை வைத்து எங்களைப் பார்க்கக்கூடாது, எங்கள் பழைய கணக்கோடுதான் ஒப்பிட வேண்டும். லண்டனில் என் பெயரைத் தட்டினாலே தானம் கொடுத்தவர் என்று திரையில் விழும். இங்கே கிட்னி இரண்டா ஒன்றா என்று எழுதப் படிவத்தில் ஒரு கோடுகூட இல்லை. ஒரே ஒரு கேள்வி, அதைச் சேர்க்க என்ன செலவு?

சத்தம் கேட்டு, காலையில் ரத்தம் எடுத்த பிள்ளை உள்ளேயிருந்து வந்தா. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. என்னை ஓரமாகக் கூட்டிப்போய்க் கதை முழுவதையும் கேட்டா. அப்புறம் முதல் நாள் இரவு என்ன சாப்பாடு என்றா. மாமி வீட்டில் ஆட்டிறைச்சி. பகலில் எங்கே போனனீங்கள்? கோட்டை வாசலிலிருந்து மான்களைப் பார்த்துக்கொண்டு கொதிக்கிற வெயிலில் கோணேசர் கோயில் வரை நடை. தண்ணீர்? ஒரு செவ்விளநீர். நோவுக் குளிசை ஏதும் போட்டீங்களா? முழங்காலுக்கு பாமசியில் கேட்காமலே டைக்ளோபினாக் நீட்டினார்கள், நான் வாங்கவில்லை, எங்களுக்கு அது ஆகாது.

“இறைச்சியும் தண்ணி காணாததும் இவ்வளவு ஏத்தும் அங்கிள். மூண்டு நாள் இறைச்சி வேண்டாம், தண்ணியைக் குடிச்சுப்போட்டு வாங்கோ.”

போனேன். 1.2. அதாவது அதே 106. அந்தப் பிள்ளை நீலப் பேனையால் தாளின் தலைப்பில் ‘ஒரு கிட்னி, தானம் கொடுத்தவர்’ என்று எழுதிக் கீழே கோடும் இழுத்துத் தந்தா. லண்டன் கோப்பில் அந்தத் தாளை முதலாவதாக வைத்திருக்கிறேன்.

சிறுநீரில் புரதம் பார்க்கும் அல்புமின் சோதனை மட்டும் கொழும்புக்குப் போய் வர வேண்டியிருந்தது. கட்டுநாயக்காவில் பெட்டியைப் போட்டுவிட்டு நிற்கும்போது வாட்ஸப்பில் வந்தது, பிழையில்லை. உடனே சின்னம்மாவுக்கு எடுத்தேன்.

“அப்ப அண்ணாவுக்கு எவ்வளவு?” என்று கேட்டா.

அவருக்கும் 1.2தான் சின்னம்மா என்றேன்.