துபாய் மெட்ரோவா, சிங்கப்பூர் எம்ஆர்டியா?

கடையநல்லூர், தென்காசிப் பக்கம் சிங்கப்பூரிலோ துபாயிலோ ஆள் இல்லாத குடும்பம் குறைவு. மச்சினனுக்கு இப்போது இரண்டு ஊரிலும் வேலை கிடைத்திருக்கிறது. “ரெண்டு ஊர்லயும் மெட்ரோ ஓடுதுல்லா அத்தான், பெறவு என்ன?” என்று சம்பளக் கணக்கிலேயே நிற்கிறான். துபாயில் சில வருஷம் இருந்துவிட்டு சிங்கப்பூருக்கு மாறியவன் நான். கார் இல்லாமல் காலம் தள்ள எது தோது என்றால், என் ஓட்டு சிங்கப்பூருக்குத்தான்.

ரயில் பெட்டிக்குள் பெரிய வித்தியாசமில்லை. ஏசி, சுத்தம், தின்றால் அபராதம் எல்லாம் இரண்டிலும் உண்டு. 2009-ல் வந்த துபாய் மெட்ரோ ஓட்டுநர் இல்லாமல் ஓடுகிறது. சிங்கப்பூர் மெட்ரோவான எம்ஆர்டியில் 2003 முதல் வந்த பாதைகளும் அப்படித்தான். ஒரு விஷயத்தில் துபாய் மேல்: அங்கே ரெட் லைன் என்ற பாதை விமான நிலையத்தின் 1, 3 டெர்மினல்களுக்கு நேராகவே போகும். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வர தானா மேராவிலோ எக்ஸ்போவிலோ ரயில் மாற வேண்டும். உடன்குடிக் கருப்பட்டியும் மாவுமாகப் பெட்டி சுமந்து வருகிறவர்களுக்கு இது சின்னக் காரியமில்லை.

ஆனால் ரயிலை விட்டு இறங்கிய பிறகுதான் சங்கதியே இருக்கிறது. ரெட் லைன் பெரும்பாலும் ஷேக் சாயித் ரோடு என்ற நெடுஞ்சாலையை ஒட்டியே போகிறது. ரோட்டைக் கடக்க ஏசி போட்ட பாலம், அதில் நகரும் நடைபாதை எல்லாம் உண்டு. பாலம் முடிகிற இடத்தில் கண்ணாடிக் கதவு திறக்கும். ஜூலை மாதம் என்றால் அடுப்பு வாயில் முகத்தை வைத்தது மாதிரி இருக்கும். வீடு பத்து நிமிஷ நடைதான் என்றாலும் சட்டை முதுகோடு ஒட்டிவிடும். இணைப்பு பஸ் உண்டு, சாயங்காலம் அதில் ஏறுவது தனிப் பாடு. வாடகை குறைவு என்று நம் ஆட்கள் தங்கும் பக்கத்து ஊரான ஷார்ஜாவுக்கோ மெட்ரோவே கிடையாது.

சிங்கப்பூரில் ஸ்டேஷனிலிருந்து அடுக்குமாடி வரை பெரும்பாலும் கூரை போட்ட நடைபாதை. வெயிலுக்கும் ஆச்சு, மழைக்கும் ஆச்சு. செங்காங், பொங்கோல் பக்கம் சின்ன எல்ஆர்டி ரயில் வீட்டுக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடும். 2010 முதல் பஸ், ரயில் இரண்டுக்கும் மொத்தத் தூரத்தை வைத்தே கட்டணம். மாறி ஏறினால் புதிதாகத் தொடங்காது. அம்மா வந்திருந்தபோது முழங்கால் வலியோடு தேக்கா சந்தைக்குத் தனியாகப் போய் முருங்கைக்கீரை வாங்கி வந்தார், குடைகூட எடுக்கவில்லை.

பழுதே வராது என்று சொல்ல மாட்டேன். 2024 செப்டம்பரில் ஒரு பழைய ரயிலின் சக்கர அச்சுப் பகுதி கழன்று தண்டவாளத்தைப் பாழாக்கியதில், ஜூரோங் ஈஸ்ட், புவோனா விஸ்தா இடையே ஆறு நாள் ரயில் இல்லை. அறை வாடகையும் கையைக் கடிக்கும்.

துபாய் மெட்ரோவின் இன்னொரு பாதையான கிரீன் லைனில் நான் அதிகம் போனதில்லை. தேரா, பர் துபாயில் குடியிருப்பை ஒட்டியே ஸ்டேஷன் இருக்கிறது. அங்கே தங்குகிறவர் வேறு மாதிரி சொல்லலாம். துபாய்தான் அமைந்தது என்றால், அறை பிடிக்கும் முன் ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்கு ஸ்டேஷனிலிருந்து அந்த வாசல் வரை நடந்து பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.