படைத்த கூழும் பவுலின் கடிதமும்: டர்பனில் மூன்று வாசிப்புகள்

ஆடி மாதத்தில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். இங்கே அது சோளமாவில் காய்ச்சிப் புளிக்கவைத்த கூழ். 1860-இல் ட்ரூரோ கப்பலில் தொடங்கி வந்து இறங்கிய கரும்புத்தோட்டக் கூலிகளின் பேரப்பிள்ளைகளில் அண்ணன் கோயிலுக்கும் தம்பி பெந்தெகொஸ்தே சபைக்கும் போகிற குடும்பங்கள் ஏராளம். அண்ணி தூக்குவாளியை வேலிக்கு மேலே நீட்டும்போது கொழுந்தன் வீட்டில் பிரச்சினை தொடங்குகிறது. அம்மனுக்குப் படைத்ததை ஒரு கிறிஸ்தவன் வாங்கிக் குடிக்கலாமா, கூடாதா? இதற்கு வேதாகமத்தை மூன்று விதமாக வாசிக்கிறார்கள்.

கூடாது என்பது முதல் வாசிப்பு. பெந்தெகொஸ்தே சபைகளில் அதிகம் கேட்பது இதுதான். அப்போஸ்தலர் 15:29-இல் எருசலேம் சபை புறஜாதி (யூதரல்லாத) விசுவாசிகளுக்கு விதித்த விலக்குகளில் முதலில் நிற்பதே விக்கிரகங்களுக்குப் படைத்தவை. வெளிப்படுத்தின விசேஷம் 2-ஆம் அதிகாரத்தில் பெர்கமு, தியத்தீரா சபைகள் கடிந்துகொள்ளப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய திருச்சபையும் இந்தப் பக்கமே சாய்ந்தது. படைத்ததை உண்பது செத்த தெய்வங்களுக்குச் செய்யும் வழிபாடு என்கிறது டிடாக்கே என்ற ஆதிகாலக் கையேடு. இவர்களைக் குறுகிய மனதுக்காரர்கள் என்று ஒதுக்கிவிடுவது அநியாயம். கையில் வசனமும் இருக்கிறது, வரலாறும் இருக்கிறது. ஆனால் அப்போஸ்தலன் பவுல் கொரிந்து நகரத்துச் சபைக்கு எழுதிய முதல் கடிதத்தில், 1 கொரிந்தியர் 10:25-27 வரும்போது மட்டும் பிரசங்கம் வேகமெடுத்துவிடுகிறது. கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கு, அவிசுவாசி விருந்துக்கு அழைத்தால் முன்னால் வைத்ததைச் சாப்பிடு என்று பவுல் அங்கே பச்சையாக எழுதியிருக்கிறார்.

இரண்டாவது வாசிப்பு, அப்போஸ்தலர் 15:29-இன் விலக்கு அந்தக் காலத்துக்கு உரியது என்பது. யூதரும் புறஜாதியாரும் ஒரே சபையில் முட்டிக்கொள்ளாமல் இருக்க எருசலேம் செய்த ஏற்பாடு, காரணம் மறைந்ததும் காலாவதியாகிவிட்டது என்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1442-இல் ஆயர்கள் கூடிய ஃபிளாரன்ஸ் சங்கத்தில் இப்படித்தான் அறிவித்தது. அதே வசனத்தில் வரும், இரத்தத்தையும் நெருக்குண்டு செத்ததையும் பற்றிய விலக்குக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. படையலுக்குப் பொருந்துமா என்பதில் எனக்குச் சந்தேகம். ஃபிளாரன்ஸில் கூடியிருந்த ஆயர்களின் பக்கத்து வீட்டில் யாரும் கூழ் ஊற்றவில்லை. இங்கே ஊற்றுகிறார்கள்.

மூன்றாவது வாசிப்பு, பவுல் கண்டிப்பது உணவையல்ல, உட்காரும் பந்தியை என்பது. கோர்டன் ஃபீ போன்ற உரையாசிரியர்கள் இதை வலுவாக வாதிட்டிருக்கிறார்கள். 1 கொரிந்தியர் 8:10-இல் ஒருவன் விக்கிரகக் கோயிலிலேயே பந்தியில் இருக்கிறான். 10:21-இல் கர்த்தருடைய பந்தியும் பேய்களின் பந்தியும் எதிரெதிராக வைக்கப்படுகின்றன. 10:25-க்கு வந்ததும் பேச்சு கடைத்தெருவுக்கும் வீட்டு விருந்துக்கும் மாறுகிறது. கொரிந்துவில் அஸ்கிளேப்பியஸ் என்ற கிரேக்க மருத்துவ தெய்வத்தின் கோயிலில் சுவரோரம் சாய்வுக் கட்டில்கள் போட்ட சாப்பாட்டு அறைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். குடும்ப விசேஷ விருந்துகள் கோயிலிலேயே நடந்த ஊர் அது. நம் கல்யாண மண்டபம் கோயில் மதிலுக்குள் இருப்பதுபோல. போகாவிட்டால் உறவு முறியும். அந்த நெருக்கடிக்குத்தான் பவுல் பதில் எழுதுகிறார்.

இந்த வாசிப்பில்தான் கொரிந்தியர் கடிதத்தின் எந்த வசனத்தையும் தாண்டிக் குதிக்க வேண்டியதில்லை. பெரிய வெள்ளியை ஒட்டி இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் கூடும் கூட்டத்தோடு பூஜையில் நின்று படையலில் பங்கெடுப்பது ஒன்று, வேலிக்கு மேல் வரும் வாளி வேறு.

ஆனால் 10:28 குறுக்கே நிற்கிறது. இது படைக்கப்பட்டது என்று யாராவது சொன்னால் சாப்பிடாதே என்கிறது அது. நம் ஊரிலோ யாரும் மறைப்பதில்லை. “அம்மன் கூழ், குடிங்க” என்று சொல்லித்தான் அண்ணி கொடுக்கிறாள். அப்படியானால் பத்தாம் அதிகாரத்தின் சலுகை டர்பனில் ஒருவருக்கும் கிடைக்காதா?

சொல்கிறவன் யார் என்பதில் உரையாசிரியர்கள் பிரிகிறார்கள். விருந்து கொடுக்கும் அவிசுவாசி என்பார் சிலர், கூட வந்த பலவீனமான கிறிஸ்தவன் என்பார் சிலர். எவனானாலும், யோசிக்க வேண்டியது உன் மனச்சாட்சியை அல்ல, மற்றவனுடையதை என்று 29-ஆம் வசனம் முடிச்சை அவிழ்க்கிறது. கொழுந்தன் முப்பது வருடமாகச் சபைக்குப் போகிறவன் என்பது அண்ணிக்குத் தெரியும். அவன் கூழைக் குடித்தால் அம்மனைக் கும்பிட்டுவிட்டான் என்று அவள் கணக்கு எழுதப்போவதில்லை. வாங்காவிட்டால் தன்னையே ஒதுக்கிவிட்டான் என்றுதான் நினைப்பாள். அவளை முன்னிட்டு மறுக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் ஞானஸ்நானம் எடுத்தவன் அதே முற்றத்தில் நின்றால் கதை வேறு. காவடி எடுத்த தோளோடு சபைக்குள் வந்தவன் அவன். அவனுக்கு அந்தக் கூழ் வெறும் சோளமாவு அல்ல. அவன் எதிரில் மூத்த விசுவாசி மடக்மடக்கென்று குடித்தால் எட்டாம் அதிகாரம் எச்சரிக்கும் இடறல் அதுவேதான். அண்ணியிடம் நன்றி சொல்லி வாளியை வாங்கி உள்ளே வைத்துவிட வேண்டும். அன்றைக்குக் குடிக்க வேண்டியதில்லை.