மைக்கோகாஸம்: பூஞ்சை மரபணுத்தொகுதிகளை ஒப்பிட உதவும் இணையதளம்

பூஞ்சைகளின் முழு மரபணுத்தொகுதிகளை (ஓர் உயிரியின் மொத்த டி.என்.ஏ. வரிசையே மரபணுத்தொகுதி) அருகருகே வைத்து ஆராய விரும்பும் முதுநிலை மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும், அமெரிக்க எரிசக்தித் துறையின் ஜாயின்ட் ஜீனோம் இன்ஸ்டிட்யூட் நடத்திவரும் மைக்கோகாஸம் தளத்தையே முதலில் பரிந்துரைப்பேன். ஆனால் எந்த வகை மரபணு வேறுபாடுகளை அது காட்டும், எதைக் காட்டாது என்பதை அறிந்துகொண்டு நுழைவது நல்லது.

முகப்பிலேயே பூஞ்சைகளின் பரிணாம மரம் வரையப்பட்டிருக்கிறது. ஒரு கிளையைச் சொடுக்கினால் அதன் கீழ் வரும் மரபணுத்தொகுதிகள் அனைத்தும் ஒரே தொகுப்பாகத் திறக்கின்றன. பிளாஸ்ட் தேடலையும் (கொடுத்த வரிசையை ஒத்த வரிசைகளைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்) புரதக் குடும்ப ஒப்பீட்டையும் அந்தத் தொகுப்புக்குள்ளேயே செய்துகொள்ளலாம். 1000-க்கும் மேற்பட்ட பூஞ்சைகள் இருக்கும் இடத்தில், வெறும் அகரவரிசைப் பட்டியலைவிட இந்த ஏற்பாடு பன்மடங்கு மேலானது.

தளத்தின் பலம் மரத்தை மட்கச் செய்யும் பூஞ்சைகளில் நன்கு தெரியும். வெள்ளை அழுகலை உண்டாக்கும் ஃபேனரோகீட் கிரைசோஸ்போரியத்தின் மரபணுத்தொகுதி 2004-இலும், பழுப்பு அழுகலை உண்டாக்கும் போஸ்டியா பிளசென்டாவினுடையது 2009-இலும் வெளியாயின. முன்னது, மரத்துக்கு உறுதி தரும் கடினப் பொருளான லிக்னினையும் சிதைக்கும். பின்னது மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோஸை எடுத்துக்கொண்டு லிக்னினைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடும். இவ்விரண்டையும் நொதிக் குடும்ப அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், லிக்னினைத் தாக்கும் பெராக்சிடேஸ் என்ற நொதிகளுக்கான மரபணுக்கள் முதலாவதில் பெருகியிருப்பதும் இரண்டாவதில் இழக்கப்பட்டிருப்பதும் உடனே புலப்படும். 31 பூஞ்சைகளை இவ்வாறு ஒப்பிட்ட 2012-ஆம் ஆண்டு ஆய்வு, வெள்ளை அழுகல் திறன் சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த கார்போனிஃபெரஸ் காலத்தின் இறுதியை ஒட்டித் தோன்றியிருக்கலாம் என்று கணித்தது. மட்காத மரம் புதைந்து நிலக்கரியாகப் படிவது அக்காலத்துக்குப் பின் குறைந்ததற்கு இந்தத் திறனே காரணம் என்ற ஊகம் பின்னர் கடுமையாக மறுக்கப்பட்டது என்றாலும், மரபணு இழப்பு பற்றிய சான்று அதனால் பலவீனப்படவில்லை.

அட்டவணையில் பூஜ்யம் இருப்பதைக் கண்டவுடன் மரபணு இல்லை என்று எழுதிவிடக் கூடாது. டி.என்.ஏ. வரிசைத் துண்டுகள் சரியாக இணையாத இடத்தில் மரபணு விடுபட்டிருக்கலாம், அல்லது மரபணுவைக் கணிக்கும் மென்பொருள் அதைத் தவறவிட்டிருக்கலாம். புரதப் பட்டியலோடு நிற்காமல், மரபணுத்தொகுதி வரிசையிலேயே ஒருமுறை பிளாஸ்ட் செய்து பார்ப்பது அவசியம்.

ஒரே சிற்றினத்துக்குள் இருக்கும் பன்மையை அறிய வருபவர்களுக்கு இத்தளம் போதாது. இதன் அடித்தளமான 1000 பூஞ்சை மரபணுத்தொகுதித் திட்டத்தின் நோக்கம், ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் குறைந்தது இரண்டு மரபணுத்தொகுதிகளைப் பெறுவதாகும்; அகலம் கிடைக்கிறது, ஆழம் கிடைப்பதில்லை. கோதுமை இலையைத் தாக்கும் சைமோசெப்டோரியா டிரிட்டிசி என்ற பூஞ்சையின் மேற்கோள் இரகத்தில் (ஒப்பீட்டுக்கு அடிப்படையாகக் கொள்ளப்படும் இரகம்) உள்ள 21 குரோமோசோம்களில் 8 இல்லாமலும் அப்பூஞ்சை வாழும். வேறு இரகங்களில் அவற்றுள் சில காணப்படுவதே இல்லை. ஒரேயொரு மரபணுத்தொகுதியைப் பார்ப்பவருக்கு இது எப்படித் தெரியும்? ரொட்டி ஈஸ்ட்டின் 1,011 இரகங்களை ஒப்பிட்டு 2018-இல் வெளியான ஆய்வு, மொத்தம் 7,796 மரபணுக்களில் 4,940 மட்டுமே எல்லா இரகங்களுக்கும் பொதுவானவை என்று காட்டியது. இத்தகைய கேள்வியோடு வருபவர்கள், அந்தந்தச் சிற்றினத்துக்கென வெளியிடப்பட்ட வரிசைத் தரவுகளைத் தாங்களே இறக்கி, மேற்கோள் மரபணுத்தொகுதியை மட்டும் இங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

கட்டணம் இல்லை, கோப்புகளைப் பதிவிறக்க ஒரு கணக்குத் தொடங்க வேண்டும். ஆய்வுக் கட்டுரையாக இன்னும் வெளிவராத மரபணுத்தொகுதிகளும் பார்வைக்கு வைக்கப்பட்டிருப்பதால், முழு மரபணுத்தொகுதி அளவிலான ஒப்பீட்டை வெளியிடுவதற்கு முன் ஒவ்வொன்றின் தகவல் பக்கத்தையும் படித்து, உரிய ஆய்வாளரின் அனுமதியைப் பெற்றாக வேண்டும்.